கூரை லைட் பாரின் விசிலும் அதிர்வும்: சத்தத்தை வைத்துக் காரணம் பிடிப்பது எப்படி

தார், ஜிம்னி, கூர்க்கா, ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளின் கூரையில் 40 அல்லது 50 அங்குல எல்இடி லைட் பார் ஏறிய முதல் நெடுஞ்சாலைப் பயணத்திலேயே சத்தம் தொடங்கிவிடும். சிலருக்கு விசில், சிலருக்கு ஊளை, சிலருக்கு கடகடப்பு. உடனே ஸ்பாஞ்ச், சிலிகான், ரப்பர் என்று வாங்கி எல்லா இடுக்கிலும் திணித்துவிடுகிறார்கள். சத்தம் பாதி குறையும். எது குறைத்தது, மீதி எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியாது. அதனால் பொருள் வாங்கும் முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரு சுருள் மாஸ்கிங் டேப்பும் உடன் ஓர் ஆளும் இருந்தால் போதும்.

தொடங்கும் முன் சட்டத்தையும் பார்த்துவிடுவோம். இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 111-ஆம் விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வண்டியின் முன்புறம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்துவதைத் தடை செய்கிறது. எஸ்டேட் பாதையிலும் சொந்த நிலத்திலும் எரிக்க வாங்கிய பார், நெடுஞ்சாலையில் எரியாமல் சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு வருகிறது என்றால், அதைக் கழற்றி வைக்க வழி செய்வதே மிக நல்ல தீர்வு. பிராக்கெட் போல்ட்டில் கையால் திருகும் குமிழ் நட்டும், ஒயரில் தண்ணீர் புகாத இரண்டு பின் கனெக்டரும் போட்டால், பாரை இறக்க ஐந்து நிமிடம் போதும். அப்படிக் கழற்ற முடியாதவர்களுக்கே கீழே உள்ளவை.

முதல் சோதனை: காற்றா, இரும்பா?

காற்றுச் சத்தமும் அதிர்வுச் சத்தமும் காதுக்குச் சில நேரம் ஒன்றுபோலவே கேட்கும். மருந்து வேறு வேறு. பிரித்தறிய நான்கு வழிகள்:

வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஐடிலிலிருந்து 3000 ஆர்பிஎம் வரை மெதுவாக ஏற்றுங்கள். ஏதோ ஒரு இடத்தில் "டர்ர்" என்று வந்தால் அது அதிர்வு. காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வாகன நெரிசல் இல்லாத நேரான சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது சில விநாடி கிளட்சை மிதியுங்கள். எஞ்சின் சுற்று விழுந்தும் சத்தம் மாறவில்லை என்றால் எஞ்சின் காரணமல்ல. காற்றாகவோ சக்கரமாகவோ இருக்கும்.

அதே சாலையில் திரும்பி எதிர்த்திசையில் வாருங்கள். எதிர்க்காற்று 20 கி.மீ. வேகத்தில் அடித்தால், 80-இல் போகும் வண்டியின் கூரைக்கு அது 100. திசைக்குத் திசை சத்தம் மாறினால் காற்றுதான்.

கடைசி வழியை அனேகம் பேர் தவிர்க்கிறார்கள்: பார், பிராக்கெட் இரண்டையும் முழுவதும் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டுவது. அப்போதும் விசில் இருந்தால் குற்றவாளி கேரியர், கண்ணாடி பீடிங், கதவு ரப்பர் இவற்றில் ஒன்று. அந்த அரை மணி நேர வேலை வீண் செலவு பலவற்றை மிச்சப்படுத்தும்.

காற்றுதான் என்று உறுதியானால் டேப் சோதனை. 2 அங்குல மாஸ்கிங் டேப்பால் ஒரு நேரத்தில் ஒரே இடத்தை மட்டும் மூடி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். வரிசை இதுதான்: முதலில் பாரின் பின்புறமுள்ள மெல்லிய தகடு வரிசைகளான ஃபின்கள், அடுத்து பாரும் பிராக்கெட்டும் சேரும் இடுக்கும் போல்ட் துளைகளும், அடுத்து பாருக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள இடைவெளி, கடைசியாக கேரியர் குழாயின் முனைகளும் பள்ளங்களும். எந்த இடத்தை மூடியதும் சத்தம் நிற்கிறதோ அங்கே மட்டும் நிரந்தர வேலை செய்யுங்கள். ஃபின்கள் மூடியிருக்கும்போது லைட்டை எரிக்காதீர்கள். எல்இடியின் வெப்பம் வெளியேறும் வழி அதுதான்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் போனில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்பெக்ட்ரம் ஆப் ஒன்றைப் போட்டு, உடன் வருபவரைச் சத்தத்தின் ஹெர்ட்ஸ் எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். காற்று ஒரு தடையைக் கடக்கும்போது அதன் பின்னால் மேலும் கீழுமாக மாறி மாறிச் சுழல்கள் கழன்று போகின்றன. அவை விநாடிக்கு எத்தனை கழல்கின்றன என்பது, ஏறத்தாழ 0.2-ஐக் காற்றின் வேகத்தால் பெருக்கித் தடையின் தடிமனால் வகுத்தால் கிடைக்கும். 80 கி.மீ. என்பது விநாடிக்கு 22 மீட்டர். அந்த வேகத்தில் 2 மி.மீ. ஃபின் சுமார் 2200 ஹெர்ட்ஸ் தரும்: கூரிய விசில். 8 மி.மீ. போல்ட் தண்டு சுமார் 550. 25 மி.மீ. கேரியர் குழாய் சுமார் 180: ரீங்காரம். 80 மி.மீ. உயரமுள்ள முழு பாரும் சேர்ந்தால் சுமார் 55: வயிற்றில் உணரும் முழக்கம். கண்ணாடியின் மேல்விளிம்பைக் கடக்கும் காற்று வண்டியின் வேகத்தைவிடக் கூடுதலாக ஓடுவதால் எண் கொஞ்சம் மேலே போகும். ஆனாலும் தேட வேண்டியது ஃபின்னையா, குழாயையா, முழு பாரையா என்று இந்த எண் சொல்லிவிடும்.

அறிகுறி: வேகம் கூடக் கூட ஸ்வரம் ஏறும் கூரிய விசில்

பெரும்பாலும் ஃபின்கள். அவை பாரின் நீளவாக்கில் ஓடும் வகையாக இருந்தால், காற்று அவற்றைக் குறுக்கே கடக்கும்; ஒவ்வொரு பள்ளமும் தனித்தனியாக ஊதும். 60-இல் லேசாகத் தொடங்குவது 100-இல் தாங்க முடியாமல் போவதற்குக் காரணம் உண்டு. இவ்வகைச் சத்தத்தின் ஆற்றல் காற்று வேகத்தின் ஆறாம் அடுக்கை ஒட்டி ஏறுகிறது. 60-இலிருந்து 80-க்குப் போனாலே சுமார் 7.5 டெசிபல் கூடிவிடும்.

கார் கதவு விளிம்புக்குப் போடும் யு வடிவ ரப்பர் பீடிங்கை, காற்று முதலில் படும் மேல் வரிசை ஃபின் ஒன்றிலோ இரண்டிலோ மட்டும் முழு நீளத்துக்கும் மாட்டுங்கள். 50 அங்குல பாருக்கு ஒரு வரிசைக்கு 1.3 மீட்டர் வாங்கினால் போதும். பீடிங்கின் பிடி ஃபின்னின் தடிமனுக்கு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பாருங்கள். தளர்வாக இருந்தால் 90 கி.மீ.-இல் கழன்று பறக்கும். எல்லா ஃபின்னையும் மூடிவிடாதீர்கள், பார் வெந்துவிடும்.

பீடிங் பிடிக்காத வடிவம் என்றால் கேபிள் டை. 4.8 மி.மீ. அகல கறுப்பு டைகளைப் பாரைச் சுற்றி, லென்ஸுக்கு நடுவே வராமல், எல்இடி கிண்ணங்களுக்கு இடைப்பட்ட கோடுகளில் கட்டுங்கள். இடைவெளி சமமாக இருக்கக் கூடாது: 4 செ.மீ., அடுத்து 7, அடுத்து 5, அடுத்து 9 என்று கலைத்துக் கட்டுங்கள். பாரின் முழு நீளத்திலும் சுழல்கள் ஒரே நேரத்தில் கழன்றால்தான் அது ஸ்வரமாகக் கேட்கும். ஒழுங்கைக் குலைத்தால் அதே காற்று வெறும் "ஸ்ஸ்" என்ற சாதாரண இரைச்சலாகிவிடும். தொழிற்சாலைப் புகைபோக்கிகளின் உச்சியில் திருகுச் சுருளாகத் தகடு சுற்றியிருப்பதும் சுழல்களின் இந்த ஒழுங்கைக் குலைக்கத்தான். டையின் வாலை ஒட்ட நறுக்குங்கள். நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே புது விசில்.

ஃபின்னை மூடியும் நிற்காத விசிலுக்குக் கேரியரைப் பாருங்கள். வாய் திறந்த குழாய் முனை புல்லாங்குழல் போல ஊதும்; அதற்கு ரப்பர் அடைப்பான் போதும். அலுமினியக் குறுக்குப் பட்டையின் மேலுள்ள பள்ளத்தில் ஒரு ரப்பர் பட்டை வரும். பார் பூட்டும்போது அதை வெட்டியெடுத்துவிட்டு மீதியை யாரும் திரும்பப் போடுவதில்லை. பிராக்கெட்டுக்கு வேண்டிய இடத்தை மட்டும் விட்டு, மற்ற நீளம் முழுவதும் அந்த ரப்பரைத் திரும்ப நிரப்புங்கள். பிராக்கெட்டில் காலியாக இருக்கும் சரிவுத் துளைகளையும் டேப்பால் மூடிப் பாருங்கள்.

சிலிகான் போடுவதானால் இரண்டு எச்சரிக்கை. புளிக்காடி வாசம் வரும் சாதாரண சிலிகான் உலோகத்தை அரிக்கும். வாசமில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். அடுத்து, பாரின் பின்புறமோ முனையிலோ சின்ன வட்டமாக ஒரு மூச்சுத் துளை இருக்கும். சூடான பார் மழையில் குளிரும்போது காற்றை உள்ளிழுப்பது அதன் வழியாகத்தான். அதை அடைத்துவிட்டால், பார் ஈரத்தை விளிம்பு ரப்பர் வழியே உறிஞ்சும். சில வாரங்களில் லென்ஸின் உள்ளே ஆவி படியும்.

அறிகுறி: 70 முதல் 85 வரை மட்டும் ஊளை, அதற்கு மேல் காணோம்

ஸ்வரம் வேகத்தோடு ஏறாமல் ஒரே இடத்தில் நின்று, ஒரு வேக வரம்பில் மட்டும் கத்தினால், காற்றின் தாளமும் ஏதோ ஓர் உறுப்பின் இயல்பான அதிர்வும் அந்த இடத்தில் பூட்டிக்கொண்டன என்று பொருள். பாருக்கும் லென்ஸ் மூடிக்கும் நடுவிலுள்ள காற்றுப் பை, மெல்லிய பிராக்கெட் தகடு, வண்டியின் கூரைத் தகடு மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலில் மூடியைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். அடுத்து பாரின் சாய்வை 3 முதல் 5 டிகிரி மாற்றுங்கள். மாற்றும் முன் பிராக்கெட்டில் பழைய நிலைக்குப் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கம் லேசாகத் தாழ்த்தினாலே பல பார்களில் ஊளை நின்றுவிடும். நின்றால், ஒளி தேவையான இடத்தில் விழுகிறதா என்று பார்த்துவிட்டு அங்கேயே இறுக்கிவிடலாம்.

உருண்டைக் குழாய் ஊளையிட்டால் கயிறு சுற்றுங்கள். 25 மி.மீ. குழாய்க்கு 3 மி.மீ. நைலான் கயிறு, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் 12 செ.மீ. போல இடைவெளி. இரு முனையிலும் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். பார்க்க அழகாக இராது, வேலை செய்யும்.

அறிகுறி: காதை அமுக்கும் "டும் டும்" முழக்கம்

எல்லா ஜன்னலையும் ஏற்றிவிட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் அது பாரே இல்லை. பின் ஜன்னல் ஒன்று மட்டும் திறந்திருக்கும்போது கேபினே முழங்கும். எதிர்ப்பக்கக் கண்ணாடியை 2, 3 செ.மீ. இறக்கினால் அடங்கும்.

ஜன்னல் மூடியும் முழங்கினால் பாருக்குக் கீழே போகும் காற்று. கண்ணாடியில் ஏறி வரும் காற்று, பாருக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள 2 முதல் 5 செ.மீ. சந்தில் நெருங்கி வேகம் பிடித்து, கூரைத் தகட்டை அடிக்கிறது. சந்தை அடைப்பதுதான் தீர்வு. சந்து சிறியதென்றால் டி வடிவ ஈபிடிஎம் ரப்பர் பீடிங்கை பாரின் அடியில் ஒட்டலாம். கூரையை லேசாகத் தொட்டு அமுங்கும் அளவு போதும். அழுத்தி உரசினால் தூசியோடு சேர்ந்து பெயிண்டைத் தேய்த்துவிடும். அந்த இடத்தில் முன்கூட்டியே ஒளிபுகும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிவிடுங்கள்.

கேரியரில் உயரமாக ஏற்றிய பார் என்றால் காற்றுத் தடுப்புத் தகடு வேண்டும். 4 மி.மீ. பாலிகார்பனேட் அல்லது 2 மி.மீ. அலுமினியம், பாரைவிட இரு பக்கமும் 5 செ.மீ. நீளம், கூரையிலிருந்து சாய்வாக எழும்பி பாரின் கீழ்விளிம்பில் முடிய வேண்டும். அக்ரிலிக் மலிவு, ஆனால் போல்ட் துளையில் விரியும். கீழ்விளிம்புக்கும் கூரைக்கும் 5 முதல் 10 மி.மீ. விட்டு, அந்த விளிம்பில் ரப்பர் பீடிங். தகட்டின் நடுவில் பிடிமானம் இல்லையென்றால் தகடே படபடக்கத் தொடங்கும், அதற்கும் ஒரு கிளாம்ப் கொடுங்கள்.

அறிகுறி: குண்டும் குழியுமான சாலையில் கடகடப்பு

இங்கே காற்றை மறந்துவிடுங்கள். வண்டியை நிறுத்தி, கைமுட்டியால் பார், பிராக்கெட், கேரியர் கால்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். தளர்ந்த இடம் "டக்" என்று வெற்றுச் சத்தம் தரும். ஒயர் கூரையில் அடித்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள், 15 செ.மீ.-க்கு ஒரு கட்டு வேண்டும்.

போல்ட் ஏன் தளர்கிறது? புதுப் பிராக்கெட்டின் பவுடர் கோட்டிங் போல்ட்டின் அழுத்தத்தில் நசுங்கி மெலியும், இறுக்கம் அப்படியே கரையும். அதனால் பூட்டிய முதல் 100 கி.மீ.-க்குள் ஒருமுறை திரும்ப இறுக்குவது கட்டாயம். ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பக்கவாட்டு அதிர்வில் போல்ட் எப்படித் தானே கழல்கிறது என்பதை ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதித்துக் காட்டினார். அவர் பெயரால் வழங்கும் அந்தச் சோதனையில் ஸ்பிரிங் வாஷர் பெரிய உதவி செய்வதில்லை. காப்பாற்றுவது போதுமான இறுக்கமும், உள்ளே நைலான் வளையமுள்ள நைலாக் நட்டும், மரையில் தடவும் பசையான நீலத் திரெட் லாக்கரும்தான்.

இறுக்கும் அளவு: எம்8 ஸ்டெயின்லெஸ் ஏ2-70 போல்ட்டுக்கு 15 முதல் 17 நியூட்டன் மீட்டர், 8.8 கிரேடு எம்8-க்கு 25, 8.8 கிரேடு எம்6-க்கு 10. போல்ட் நேராக அலுமினிய உடலில் திருகப்படும் இடத்தில் எம்6-ஐ 7-க்கு மேல் இறுக்காதீர்கள், மரை உரிந்துவிடும். ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் உலர்ந்த நிலையில் ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்கிக்கொள்ளும் குணமுள்ளவை, மெதுவாகத் திருகுங்கள். ஒருமுறை கழற்றிய நைலாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து பிராக்கெட் வரை பெயிண்ட் பேனாவால் ஒரே கோடு இழுங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது என்று ஸ்பேனர் இல்லாமலே தெரியும்.

சென்னை, தூத்துக்குடி, ராமேசுவரம் பக்கம் ஓடும் வண்டிகளில் இன்னொன்று: அலுமினியமும் ஸ்டெயின்லெஸும் சேரும் இடத்தில் உப்புக்காற்று வெள்ளைப் பொடியை வளர்க்கும். வாஷருக்கு அடியில் நைலான் வாஷர் ஒன்றும் மரையில் ஆன்டி சீஸ் கிரீஸும் போடுங்கள். கிரீஸ் தடவிய மரைக்கு மேலே சொன்ன அளவில் கால் பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இரவில் ஒளிக்கற்றை சாலையில் நடுங்குகிறது

பாரின் நடுவைக் கையால் தள்ளி விடுங்கள். உடனே நிற்காமல் இரண்டு மூன்று முறை ஆடினால் பிடிமானம் போதாது. 50 அங்குலம் என்பது 127 செ.மீ.; இரண்டு முனையில் மட்டும் பிடித்த அந்த நீளம் நடுவில் ஆடத்தான் செய்யும். நடுவில் ஒரு கால், அல்லது கேரியருக்குப் பின்னோக்கிச் சாய்வாக ஒரு தாங்கி கொடுத்தால் ஆட்டம் பெருமளவு போய்விடும்.

பிராக்கெட்டை மாற்றுவதென்றால் இரண்டு கணக்கு உதவும். தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும்: 2 மி.மீ.-ஐ 3 ஆக்கினால் மூன்று மடங்குக்கு மேல். உயரம் இதற்கு நேர்மாறு: பிராக்கெட்டின் உயரத்தைப் பாதியாக்கினால் எட்டு மடங்கு விறைப்பு. பட்டறையில் தடிமன் கூட்டச் சொல்வதற்கு முன் உயரத்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள், செலவும் இல்லை, காற்றுச் சத்தமும் கூடவே குறையும்.

அதிர்வு என்றதும் மெத்தென்ற ரப்பரை அடுக்குவது பெரிய தவறு. பாரின் எடையில் ரப்பர் 1 மி.மீ. அமுங்கினால், அந்த அமைப்பின் இயல்பு அதிர்வு சுமார் 16 ஹெர்ட்ஸ். அதைவிட மென்மையாக, 2 மி.மீ. அமுங்கினால் 11. தார் வண்டியின் 255/65 ஆர்18 டயர் 100 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 11 முறை சுழல்கிறது. சக்கர பாலன்ஸில் சிறு குறை இருந்தாலும் பார் அதற்குத் தாளம் போடும். கெட்டியான 2, 3 மி.மீ. ரப்பர் வாஷர் ஒன்று போதும். பெயிண்டைக் காக்கவும் உலோக உரசலை நிறுத்தவும் மட்டுமே அது. நடுக்கம் ஒரே வேகத்தில் வந்தால் சக்கர பாலன்ஸையும் பாருங்கள்.

அறிகுறி: கேபினுக்குள் கூரை ரீங்கரிக்கிறது

உள்ளிருந்து கூரை உறையை உள்ளங்கையால் அழுத்துங்கள். சத்தம் மாறினால் பாரின் அதிர்வு கால்கள் வழியாகத் தகட்டில் இறங்குகிறது. கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியது. நேராகத் தகட்டில் துளையிட்டுப் பூட்டியிருந்தால், உள்பக்கம் குறைந்தது 50-க்கு 50 மி.மீ., 3 மி.மீ. தடிமனில் ஒரு தாங்கு தகடு வைத்து எடையைப் பரப்புங்கள். முடிந்தால் கால்களைக் கூரையின் ஓரத்துக்கு, ஜிம்னியில் உள்ளது போன்ற மழைநீர்க் கட்டருக்கு மாற்றுங்கள். உடம்பில் பலமான இடம் அதுதான். அதன் பிறகும் மிச்சமிருந்தால் கூரை உறையை இறக்கி, 2 மி.மீ. பியூட்டைல் டேம்பிங் ஷீட்டைத் தகட்டின் நடுப்பகுதியில் கால் பங்கு பரப்பில் ஒட்டுங்கள். முழுக் கூரையும் ஒட்டுவது வீண் எடை. தார் கலந்த மலிவு ஷீட் நம் வெயிலில் உருகி வாசம் வீசும்.

நின்ற வண்டியில் லைட்டைப் போட்டதும் மட்டும் "ஈ" என்ற ஒலி வந்தால் அது எல்இடிக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் சர்க்யூட்டின் ஒலி. எந்த ரப்பரும் அதற்கு உதவாது, எர்த் ஒயரின் பிடிப்பையும் வோல்டேஜையும் சோதியுங்கள்.

அறிகுறி: திடீரென்று சத்தம் மாறிவிட்டது

மாதக்கணக்கில் ஒரே மாதிரி இருந்த சத்தம் ஒரு நாள் கூடினால் உடனே நிறுத்திப் பாருங்கள். பிராக்கெட்டின் மடிப்பில், உள்வளைவின் ஓரத்தில் மயிரிழை விரிசல் தொடங்கியிருக்கலாம். துரு நிறத்தில் ஒரு கோடு, அல்லது பெயிண்டில் ஒரு கீறல்தான் முதலில் தெரியும். சந்தேகமாக இருந்தால் பட்டறைகளில் கிடைக்கும் சிவப்பு டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே அடித்துத் துடைத்துப் பாருங்கள், விரிசல் சிவப்பாக எழும்பும். விரிந்த பிராக்கெட்டை வெல்டு வைத்து ஒப்பேற்றாதீர்கள். வெல்டின் ஓரத்தில் திரும்ப விரியும். பாரைக் கழற்றி வண்டிக்குள் போட்டுக்கொண்டு வாருங்கள். புதுப் பிராக்கெட் செய்யும்போது மடிப்பின் உள்வளைவு குறைந்தது தகட்டின் தடிமன் அளவுக்காவது இருக்கட்டும். கூர் மடிப்பு வேண்டாம், மூலையில் முக்கோணத் தாங்கி வையுங்கள். புதுசு போட்டாலும் 3 மி.மீ. எஃகுக் கம்பிக் கயிறு ஒன்றால் பாரை கேரியரோடு தனியாகக் கட்டிவிடுங்கள். போல்ட் அறுந்தாலும் பார் பின்னால் வரும் பைக்காரர் மேல் போய் விழாது.